தமிழ்த் தளம் செய்யப் பழகும்போது டிசைன் முதலிலா, எழுத்து முதலிலா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். மூன்று மாதமாக யூடியூப் பார்த்து எச்டிஎம்எல் (பக்கத்தின் கட்டமைப்பு), சிஎஸ்எஸ் (அதன் தோற்றம்) கற்றுக்கொண்டு, பெரியப்பாவின் வாடகைப் பாத்திரக் கடைக்குத் தமிழில் ஒரு தளம் செய்கிறீர்கள். லேப்டாப்பில் ஒழுங்காகத் தெரியும் பக்கம் போனில் சிதைகிறது. தலைப்பு எழுத்துகளின் மேல்கொக்கியும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படுகின்றன, பொத்தானுக்குள் சொல் அடங்கவில்லை. எழுத உட்கார்ந்தால் இரண்டு பத்திக்கு மேல் ஓடவில்லை. "டிசைனை முழுசாக முடித்துவிட்டு கன்டென்ட் எழுதக் கற்கலாமா, இல்லை இரண்டையும் சேர்த்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது வரிசையைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான். பெட்டிகளை முதலில் வரைந்துவிட்டு, அதற்குள் போடச் சொற்களைப் பிறகு தேடுகிறீர்கள். அந்தப் பெட்டிகளும் ஆங்கிலப் பாடம் நடத்தியவர் தன் ஆங்கிலச் சொற்களுக்காக எடுத்த அளவு. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கை பிடிக்கிறது என்கிறோம். எனவே என் பதில்: எழுத்து, அதாவது கன்டென்ட், முதலில். எழுதியதை வெறும் எச்டிஎம்எல்லில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகுதான் நிறமும் பெட்டியும். இது என் கருத்து, விதி அல்ல. கண்ணால் பார்த்துக் கற்பவர்களுக்குத் தளவடிவத்தில் தொடங்குவதும் கைகொடுக்கலாம். கீழே எழுத்து வெட்டுப்படுவதற்கு நான் சொல்லும் காரணங்கள் அப்படியல்ல, உலாவி இயங்கும் முறையே அதுதான். உங்கள் பக்கத்தை நான் பார்க்கவில்லை என்பதால், அவற்றில் உங்களுடையது எது என்பதை மட்டும் நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எழுத்துரு. ஆங்கிலப் பாடங்களில் பெரும்பாலும் பாப்பின்ஸ், மான்ட்செராட், ரோபோட்டோ என்று ஒன்றைப் போடச் சொல்வார்கள். இந்த மூன்றிலும் தமிழ் எழுத்துகளே கிடையாது. உலாவி அதற்காகப் பிழை எதுவும் காட்டாது. அந்தந்தக் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துச் சத்தமில்லாமல் போட்டுவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் நிர்மலா யூஐ வரும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் ஆப்பிள் தரும் எழுத்துரு. மூன்றுக்கும் அகலமும் உயரமும் வேறுவேறு. லேப்டாப்பில் ஒரே வரியில் அடங்கிய தலைப்பு போனில் இரண்டு வரியாவது இதனாலும்தான். ஆக, தமிழுள்ள எழுத்துரு ஒன்றை நீங்களே ஏற்றுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ், அனெக் தமிழ் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைத் தளத்துக்கு முக்த மலரோ ஹிந்த் மதுரையோ போதும். இரண்டும் சிறிய அளவிலும் தெளிவாக இருக்கும்.

எழுத்துருவை ஏற்றும்போது தடிமன் 400, 700 ஆகிய இரண்டை மட்டும் ஏற்றுங்கள். இருக்கும் எல்லாத் தடிமனையும் டிக் செய்துவிட்டுப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று தேடுவது மாணவர்களிடம் அடிக்கடி காண்பது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பவனம், மீரா இனிமை போன்றவற்றில் ஒரே ஒரு தடிமன்தான் இருக்கிறது. அவற்றில் தலைப்பைத் தடிமனாக்கச் சொன்னால் உலாவி கோடுகளைத் தானே பருமனாக்கிப் போலித் தடிமன் செய்யும். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் வளையங்கள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் அரிது, உலாவி எழுத்தைப் பிடித்து வலப்பக்கம் தள்ளிக் காட்டும். அழுத்தம் வேண்டிய இடத்தில் நிறமோ தடிமனோ கொடுங்கள், சாய்வு வேண்டாம். லெட்டர்-ஸ்பேசிங்கும் வேண்டாம். ஆங்கிலத் தலைப்பில் எடுப்பாக இருக்கும் அந்த இடைவெளி தமிழில் சொல்லைச் சிதறடிக்கும்.

இனி, வெட்டுப்படும் எழுத்து. தமிழில் புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் மேலே ஏறும், உகர ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத் தலைப்புக்கு லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1.1 அல்லது 1.2 கொடுப்பது வழக்கம். அதே எண்ணைத் தமிழுக்குக் கொடுத்தால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் கொக்கியில் போய் முட்டும். பத்திக்கு 1.6 முதல் 1.8 வரை, தலைப்புக்கு 1.35 முதல் 1.5 வரை வைத்துப் பாருங்கள். எண்ணை அலகு இல்லாமல் எழுதுங்கள், இது முக்கியம். முழுப் பக்கத்தையும் அடக்கும் பாடியில் 24 பிக்சல் என்று எழுதினால் அந்த 24 பிக்சலே தலைப்புக்கும் போகும். 36 பிக்சல் எழுத்து 24 பிக்சல் வரிக்குள் நிற்க முடியாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். 160 சதவீதம் என்று எழுதினாலும் இதே கதைதான், ஏனெனில் கணக்கிட்டு முடித்த அளவே கீழே இறங்குகிறது. வெறும் 1.6 என்றால் அந்தப் பெருக்கல் எண் இறங்கும், ஒவ்வொரு தலைப்பும் தன் அளவுக்குத் தகுந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்த பிறகும் வெட்டுப்பட்டால், அந்தப் பெட்டிக்கு நிலையான ஹைட்டும் (உயரமும்), வெளியே வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடனும் சேர்ந்து இருக்கும். என் ஊகம், உங்கள் பக்கத்தில் இருப்பது இதுதான். தலைப்பு இரண்டாம் வரிக்கு இறங்கியதும் பெட்டி அதைக் கத்தரித்துவிடுகிறது. எழுத்து உட்காரும் எந்தப் பெட்டிக்கும் ஹைட் கொடுக்காதீர்கள். குறைந்தபட்ச உயரம் வேண்டுமென்றால் மின்-ஹைட் கொடுங்கள். பொத்தானுக்கும் 120 பிக்சல் அகலம் என்று பூட்டு போடாமல், மேலும் கீழும் 12 பிக்சல், இடவலம் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) வைத்து, உள்ளே இருக்கும் சொல் அகலத்தை முடிவு செய்யட்டும். விரலால் தொடுவதற்குப் பொத்தானின் உயரம் 44 முதல் 48 பிக்சல் வரை வந்தால் நல்லது. 16 பிக்சல் எழுத்துக்கு இந்தப் பேடிங்கே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது என்றால் நீளமான சொல் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். "முன்பதிவுசெய்துகொள்ளலாம்" என்பதை 32 பிக்சல் தலைப்பில் போட்டால் 360 பிக்சல் அகலப் போனில் அதற்கு இடம் போதாது. ஓவர்ஃப்ளோ-ராப்பில் பிரேக்-வேர்ட் கொடுத்தால் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், ஆனால் எங்கே உடையும் என்பது உங்கள் கையில் இல்லை. அது கடைசிக் காப்பு மட்டும். போனில் தலைப்பை 22 முதல் 26 பிக்சலுக்குள் குறைப்பதும், "முன்பதிவு செய்ய" என்று பிரித்தும் சுருக்கியும் எழுதுவதும்தான் சரியான வழி. எழுத்தையும் டிசைனையும் வேறு வேறு பாடமாக நினைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுபோன்ற இடங்கள்தான். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் பயன்படுத்தியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் பெட்டி, தன்னிடமுள்ள மிக நீளமான சொல்லைவிடக் குறுகச் சம்மதிக்காது. அதற்கு மின்-வித்த் சுழியம் என்று கொடுத்தால்தான் இறங்கி வரும். பத்திகளை இரு ஓரமும் சமமாக இழுக்கும் ஜஸ்டிஃபையும் வேண்டாம். செய்தித்தாளில் அழகாக இருப்பது போனின் குறுகிய அகலத்தில் வரிக்கு மூன்று சொல்லாகி, நடுவே பள்ளம் பள்ளமாகத் தெரியும்.

ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கிவிட்டீர்களா என்று சொல்லவில்லை. தொடங்கியிருந்தால், "முதல் 50 எழுத்தை மட்டும் காட்டு" என்று வெட்டும் வேலையைத் தமிழில் செய்யாதீர்கள். "பாத்திரம்" கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி. கால், கொக்கி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியாக எண்ணப்படுகிறது. வெட்டு தவறான இடத்தில் விழுந்தால் புள்ளி கழன்று "பாத்திரம" என்று நிற்கும். படிவத்தில் பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்தால் தமிழில் பெயர் எழுதுபவர் பாதியில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். சுருக்கிக் காட்ட வேண்டுமென்றால் வரிக்கணக்கில் அடக்கும் லைன்-கிளாம்ப் இருக்கிறது.

எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில் (ஹெட்) மூன்றைச் சரிபாருங்கள். எடிட்டரில் ஆச்சரியக்குறி போட்டு எடுக்கும் அடித்தளத்தில் மொழி ஆங்கிலம் என்றே இருக்கும். அதைத் தமிழுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும், சில உலாவிகள் மொழிபெயர்க்கவா என்று கேட்டுக்கொண்டே நிற்கும். குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும், கோப்பையும் அதே வகையில் சேமிக்க வேண்டும். பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி இல்லையென்றால் போன் தன்னை 980 பிக்சல் அகலத் திரையாக நினைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் எறும்பளவில் காட்டும். பெரியப்பா பழைய நோட்டீஸின் கோப்பை அச்சகத்தில் வாங்கித் தந்தால் அது பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொ, கோ, கௌ வரிசையையும் ஸ்ரீயையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி எழுத்து. இரண்டு பத்திக்கு மேல் ஓடாததற்குத் தமிழறிவுக் குறைவு காரணமில்லை. "எங்களைப் பற்றி" என்ற இடத்தில் தொடங்கியதுதான் காரணம். நீங்கள் கேள்வியோடு ஒட்டியிருந்த இரண்டு வரிகள் இவை: "எங்கள் இணையதளத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்க்கிறோம். தரமான சேவையை நியாயமான விலையில் வழங்கி வருகிறோம்." இந்த வரிகளை ஒரு நகைக்கடைத் தளத்தில் ஒட்டினாலும் பொருந்தும், பல் மருத்துவமனைத் தளத்தில் ஒட்டினாலும் பொருந்தும். எங்கும் பொருந்துவது உங்கள் கடைக்கு எதையும் சொல்லவில்லை. (வரவேற்கிறோம் என்பதில் ற்-க்குப் பின் க் இரட்டிக்காது. முயற்சி, பயிற்சியும் அப்படியே. முகப்பிலேயே கண்ணில் குத்தும் பிழை, முதலில் அதைத் திருத்துங்கள்.)

செய்ய வேண்டியது இது. ஒரு வாரம் கடையில் ஒரு நோட்டை வைத்துவிட்டு, பெரியப்பாவின் போனுக்கு வரும் கேள்விகளை வந்த சொல்லிலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள், அல்லது மாலையில் நீங்களே உட்கார்ந்து குறியுங்கள். இந்தத் தொழிலில் கேள்விகள் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: இருநூறு பேருக்கு என்னென்ன எடுக்கணும்? ஒரு நாள் வாடகை என்றால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? முகூர்த்த நாளில் எத்தனை நாள் முன்னால் சொல்லணும்? அட்வான்ஸ் எவ்வளவு? வண்டி வாடகை யார் கணக்கு? கழுவிக் கொடுக்கணுமா, அப்படியே கொடுக்கலாமா? கரண்டி தொலைந்தால், அண்டா நசுங்கினால் என்ன பிடிப்பீர்கள்? ஷாமியானா கட்ட ஆள் வருமா? இந்தக் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதில்தான் உங்கள் கன்டென்ட். அடிக்கடி வரும் கேள்விக்குப் பக்கத்தில் மேலிடம், எப்போதாவது வருவதற்குக் கீழிடம். பக்கத்தின் வரிசை இதில் தானாகவே கிடைத்துவிடும்.

இதை வைத்து முகப்பின் முதல் பத்தியை எழுதினால் இப்படி வரலாம்: "கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் 50 பேர் முதல் 800 பேர் வரை சமையலுக்கும் பந்திக்கும் வேண்டிய பாத்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும். அண்டா, தவலை, கேஸ் அடுப்பு, பந்தி வாளி, நாற்காலி, மேஜை, ஷாமியானா உண்டு. மாலை 5 மணிக்கு எடுத்தால் மறுநாள் மாலை 5 மணி வரை ஒரு நாள் கணக்கு. பாத்திரங்களைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். கழுவ முடியாவிட்டால் கூலி தனி." எண்களும் நிபந்தனைகளும் நான் மாதிரிக்குப் போட்டவை, பெரியப்பாவிடம் கேட்டு மாற்றுங்கள். இதில் "தரமான", "சிறந்த", "நம்பகமான" என்ற சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தப் பத்திக்கு அடுத்து ஒரு அட்டவணை: 100 பேர், 200 பேர், 500 பேர் என்று மூன்று பந்தி, ஒவ்வொன்றுக்கும் என்ன பாத்திரம், எத்தனை. இது வேறெங்கும் எளிதில் கிடைக்காத தகவல். வாடகைக்கு எடுக்காதவர்கூடக் குறித்துவைத்துக்கொள்ள வருவார்.

விலையைத் தளத்தில் போடலாமா என்பதில் ஒரே பதில் கிடையாது. போட்டால் வீண் அழைப்பு குறையும். ஆனால் முகூர்த்த நாளுக்கும் சாதா நாளுக்கும் விலை வேறு என்றால் சண்டை வரும். விலை போடுவதானால் கூடவே எந்த மாதத்து விலை என்பதையும் போடுங்கள். எண் மாறும்போது திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா என்பதை வைத்து முடிவு செய்வது நல்லது. பழைய விலை தொங்கும் பக்கத்தைவிட விலை இல்லாத பக்கம் மேல்.

கூகுளில் மேலே வர எத்தனை சொல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டாயச் சொல்லெண்ணிக்கை எதுவும் இல்லை. கூகுளே அப்படி விரும்பும் அளவு கிடையாது என்று சொல்லியிருக்கிறது. பக்கத்துக்குள் மறைவாகத் தேடல் சொற்களை எழுதிவைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கைத் தேடல் வரிசைக்குத் தாங்கள் எடுத்துக்கொள்வதில்லை என்றும் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதில் நாற்பது சொல்லைத் திணிக்கச் சொல்லும் பாடத்தை மூடிவிடலாம். உறுதியாகப் பயன் தருவது பக்கத் தலைப்பு (டைட்டில் டேக்). அதில் என்ன தொழில், எந்த ஊர் என்ற இரண்டும் இருக்க வேண்டும். "முகப்பு" என்று மட்டும் இருந்தால் தேடுபவருக்கு ஒன்றும் புரியாது. மக்கள் "வாடகைப் பாத்திரம்" என்று தேடுகிறார்களா, "கேட்டரிங் வெசல்ஸ்" என்று தேடுகிறார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். இரண்டு சொல்லும் பக்கத்தில் இயல்பான வாக்கியத்தில் ஓரிடத்திலாவது இருக்கட்டும். அதைத் தாண்டி, எத்தனையாவது இடத்தில் வரும் என்று உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். ஏஐ கருவியிடம் எழுத வாங்கலாமா என்றால், பிழை பார்க்கவும் நீள வாக்கியத்தை உடைக்கவும் பயன்படுத்துங்கள். அண்டா நசுங்கினால் பெரியப்பா எவ்வளவு பிடிப்பார் என்பது அதற்குத் தெரியாது, கேட்டால் ஏதோ ஒன்றை அழகாக எழுதித் தந்துவிடும்.

படங்கள். போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே போட்டு, சிஎஸ்எஸ்ஸில் 300 பிக்சலாகச் சுருக்கிக் காட்டினாலும் இறங்குவது அந்த நான்கைந்து எம்பிதான். 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வகையில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். அகலம், உயரம் இரண்டையும் டேக்கிலேயே எழுதிவிடுங்கள், படம் வந்து சேரும்போது பக்கம் துள்ளாது. கூகுளில் தேடி எடுத்த பளபள அண்டா படம் வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒருபுறம், வாடிக்கையாளர் கடைக்கு வந்து "படத்தில் இருந்தது எங்கே?" என்பார். கடைப் பாத்திரங்களையே காலை வெயிலில் வெளியே வைத்து எடுங்கள்.

தளத்தை இணையத்தில் ஏற்றும்போது வருபவை: லேப்டாப்பில் தெரிந்த படம், தளங்களை இலவசமாக ஏற்ற உதவும் கிட்ஹப் பேஜஸில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் கோப்புப் பெயர்தான் காரணம். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், சர்வர் அப்படிப் பார்க்காது. எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழில் பெயர் வைக்கலாம்தான், ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "இட்லி" என்ற சிறு சொல்லே 45 எழுத்து ஆகிவிடும், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுவார்கள். இன்னொன்று, படிவத்தை வாங்கிக்கொள்ளும் சர்வர் மொழியான பிஎச்பி கிட்ஹப் பேஜஸில் ஓடாது. தொடர்புப் படிவத்தை நீங்கள் எவ்வளவு அழகாகச் செய்தாலும், வேறு சேவை ஒன்றோடு இணைக்காவிட்டால் நிரப்பியது யாருக்கும் போய்ச் சேராது. கடைக்கு அது தேவையும் இல்லை. தொட்டால் அழைப்பு போகும் எண் ஒன்றும், வாட்ஸ்அப் இணைப்பு ஒன்றும் பக்கத்தின் மேலேயும் கீழேயும் இருந்தால் போதும்.

அடுத்து என்ன கற்பது என்றால், இந்த ஒரு பக்கத்தை முடிக்கும் வரை ஆயத்தக் கருவிகளான பூட்ஸ்ட்ராப்பும் வேண்டாம், ரியாக்டும் வேண்டாம். பெட்டிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட், திரை அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவரி மூன்றும் கைக்கு வந்தால் கடைத் தளத்துக்குத் தேவையானது முடிந்தது. இதை வைத்து வேலை கிடைக்குமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, அது ஊரையும் நேரத்தையும் பொறுத்தது. சிறு கடைகளுக்குத் தமிழில் எழுதி, செய்து, திருத்திக்கொடுக்கும் வேலைக்கு உங்கள் கையிலிருக்கும் மாதிரி இந்தப் பக்கம்தான், ஆகவே அதை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவாதீர்கள். எழுத்துருவும் லைன்-ஹைட்டும் ஹைட்டும் மாற்றிய பிறகும் தலைப்பு வெட்டுப்பட்டால், போன் ஸ்கிரீன்ஷாட்டையும் அந்தப் பெட்டிக்கான சிஎஸ்எஸ் வரிகளையும் இங்கே ஒட்டுங்கள். எந்த வரி என்று சொல்ல அது போதும்.